புள்ளி உதிர்க்கும் மிளா

ஏழூத்தில் முதல் புள்ளி உதிர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, தென்காசி போகிற முதல் பஸ் வந்து நின்று, கண்டக்டர் சேர்மத்துரை டீ குடிக்க இறங்கிய நேரத்தில்தான் என்பதில் ஊரில் ஒருவருக்கும் மறுப்பில்லை. மற்ற எல்லாவற்றிலும் மறுப்பு உண்டு, ரேஷன் கடை எந்தத் தெருவில் இருக்கவேண்டும் என்பதிலிருந்து மலைமேல் தெரிவது மழையா வெறும் மேகமா என்பது வரைக்கும். கிழக்குப் புல்வெளியிலிருந்து ஒரு மான்கன்று வந்தது. ஆறேழு மாதம் இருக்கும், பெட்டை. நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னால் நிதானமாக நடந்து, வேகத்தடைமேல் ஏறி இறங்கி, கல்யாண வீட்டுக்கு வந்த உறவுக்காரி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, ஊரின் ஒரே தார் ரோட்டில் மேற்கே போனது. அது போகப் போக அதன் முதுகில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, வேப்பம்பூ உதிர்கிற மாதிரி உதிர்ந்து, காற்றில் கொஞ்சம் மிதந்து, எதன்மேல் பட்டதோ அதன்மேல் ஒட்டிக்கொண்டன. ஒன்று சேர்மத்துரையின் காதுமடலில். ஒன்று பஸ் கண்ணாடியில். ஒன்று, டீ ஆற்றிக்கொண்டிருந்த முப்பிடாதியின் சட்டைக் கையில்.

"வே, உம்ம காதுல என்னமோ ஒட்டிருக்கு," என்றார் டிரைவர்.

"ஒட்டிட்டுப் போவுது. நேரமாச்சு, வண்டியை எடும்," என்றார் சேர்மத்துரை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் அவ்வளவுதான். ஊரின் மேற்கு முனையில் கன்று சதுப்புக்குள் இறங்கியபோது அதன் உடம்பில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. வெறும் பழுப்பாக, சொரசொர மயிரோடு, மிளாக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டது. மிளாக்களும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் இருந்தேன். என் பெயர் சுடர். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு. ஊருக்குக் கிழக்கே புல்வெளியில் புள்ளிமான்கள், மேற்கே சதுப்பில் மிளா என்கிற கடமான்கள், நடுவில் முந்நூறு வீடு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் கலந்து பிறந்த உருப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காக என் பேராசிரியர் ஞானசிகாமணி என்னை அங்கே அனுப்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. பார்ப்பதற்கு ஓர் அட்டவணை கொடுத்திருந்தார். பதினெட்டு வரிசை. காது நீண்டதா, அகன்று வட்டமானதா. வாலின் மேல்புறம் கறுப்பா, அடிப்புறம் வெள்ளையா. பயந்தால் புள்ளிமான் போலத் துள்ளி ஓடுகிறதா, மிளாவைப் போல நின்று முன்காலால் தரையைத் தட்டுகிறதா. குரல் விசில் போலவா, தகர டின்னைத் தட்டியது போலவா. ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே இரண்டே கட்டம், இது அல்லது அது. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் மூன்றாவதாக ஒரு சின்னக் கட்டம்: கலப்பினம் என ஐயம்.

அந்தக் கட்டத்தின் அளவே எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற கட்டங்களில் பாதி அளவுதான் இருந்தது.

முப்பிடாதியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஏழூத்தின் ஒரே டீக்கடை அவளுடையது. இருபத்தொன்பது வயது. கைகளிலும் கழுத்திலும் இடது கன்னத்தின் ஓரத்திலும் தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருக்கும்; அதற்காகவே சேலைக்குமேல் ஆண்பிள்ளைகளின் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டி, சித்திரை வெயிலிலும் கழுத்துப் பித்தானைப் போட்டிருப்பாள். கடையின் முகப்பில் ஒரு தகரத் தட்டு இருந்தது. அவள் டீயை அந்தத் தட்டில் வைக்கவேண்டும், வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அவள் கையிலிருந்து ஒருவரும் டம்ளரை வாங்குவதில்லை. பத்தொன்பது வயதில் அவளுக்கு முதல் திட்டு வந்தது, அடுத்த மாதமே தட்டும் வந்தது, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

வந்த முதல் வாரமே நான் சண்டையைத் தொடங்கிவிட்டேன். இது ஒட்டுகிற நோயே இல்லை, தோலில் நிறம் உண்டாக்குகிற அணுக்கள் சில இடங்களில் வேலையை நிறுத்திவிட்டன, அவ்வளவுதான், இந்த அம்மாவோடு பத்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் உங்களுக்கு ஒன்றும் வராது என்று படம் போட்ட தாள்களை அச்செடுத்து வந்து பெஞ்சில் பரப்பினேன். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மூன்று பக்கத்தையும் முழுக்கப் படித்து, "நீ சொல்லுதது நூத்துக்கு நூறு சரிம்மா," என்றார். சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து தன் டீயை எடுத்துக்கொண்டார். மறுத்துப் பேசுகிறவனோடு வாதாடலாம். சரி என்று தலையாட்டிவிட்டு ஒன்றும் செய்யாத மனிதரோடு எப்படி வாதாடுவது, நான் கேட்கிறேன். மூன்று மாதத்தில் நூற்றைம்பது பேரிடம் வாதத்தில் ஜெயித்தேன். தட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"ஏட்டி சுடரு, உனக்குத் தொண்டை வலிக்காதா," என்பாள் முப்பிடாதி. "இஞ்சி போட்டுத் தரட்டுமா?"

புதன்கிழமையும் கன்று வந்தது. வியாழனும் வந்தது. இரவெல்லாம் புல்வெளியில் புள்ளிமான்களோடு படுத்து, விடியும் பனியில் உடம்பெல்லாம் புதுப் புள்ளி பூத்து, ஆறே முக்காலுக்கு ரோட்டில் ஏறி, உதிர்த்துக்கொண்டே நடந்து, வெறும் மேனியோடு மிளாக்களிடம் போய்ச் சேர்ந்து, மாலையில் வாய்க்கால் கரை வழியாக யார் கண்ணிலும் அதிகம் படாமல் திரும்பியது. உதிர்ந்த புள்ளி தேய்த்தாலும் போகாது, சோப்புப் போட்டாலும் போகாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு உப்பு கரைகிற மாதிரித் தானாகவே கரைந்துபோகும்.

பத்தே நாளில் ஏழூத்து அதற்கு ஏற்றமாதிரி தன்னை வைத்துக்கொண்டது. வாசல் தெளிக்கிறவர்கள் கன்று போன பிறகு தெளித்தார்கள், முன்னால் தெளித்தால் கோலத்தில் எது தாங்கள் வைத்த புள்ளி எது கன்று உதிர்த்தது என்று தெரியாமல்போய்க் கோடு இழுக்கும்போது கணக்குத் தவறியது. ரேஷன் கடை இயந்திரம் புள்ளி விழுந்த கட்டைவிரலை யாருடைய கட்டைவிரல் என்று ஒப்புக்கொள்ளாததால், வேறு விரல் வை, வேறு விரல் வை என்று பத்து விரலையும் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. பிரேயரில் நிற்கும் பிள்ளைகளிடம் ஹெட்மாஸ்டர் முதல் நாள் "தொடச்சிட்டு வா" என்றார், இரண்டாம் நாள் தன் மூக்கிலேயே ஒன்று இருப்பதைக் கண்டு விட்டுவிட்டார். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வித்தியாசம் தெரியாத ஆட்டு வியாபாரிகள் புள்ளி ஆடு என்று ஆசையோடு பிடித்துப்போய் மறுநாள் சண்டைக்கு வந்தார்கள். தென்காசிச் சந்தையில் நெற்றியிலோ கையிலோ புள்ளியோடு யாரையாவது பார்த்தால், "ஏழூத்தா, கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்குப் போயிரும்" என்று கேட்காமலே சொல்லும் வழக்கம் வந்தது. கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் மாப்பிள்ளை கன்னத்தில் இருந்த மூன்று புள்ளியைக் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுக்க, மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தைத் திருப்பி அனுப்பினாள்: எங்க ஊர் ஆளு மாதிரியே இல்லையே.

பதினோராம் நாள் தட்டு விவகாரம் நடந்தது. விவகாரம் என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. கடை முகப்பில் விழுந்த புள்ளிகள் சர்க்கரை டப்பாவிலும் பால் சட்டியிலும் ஒட்டாமல் இருக்க முப்பிடாதி தட்டை நீட்டிப் பிடித்து அதில் ஏந்திக்கொண்டாள். தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக அப்பிக்கிடந்தது. ஹெட்மாஸ்டர் வந்தார். பழக்கத்தில் தட்டைப் பார்த்தார், வைக்க இடமில்லை. அவர் மூக்கில் ஒரு புள்ளி, புருவத்தில் ஒரு புள்ளி, புறங்கையில் நாலு. அவள் நீட்டிய கையில் எது கன்றுடையது எது அவளுடையது என்று பார்த்தாலும் தெரிந்திருக்காது. அவர் பார்க்கவும் இல்லை. கையிலிருந்து டம்ளரை வாங்கி, "இன்னைக்குச் சீனி கம்மி," என்றார்.

அதன்பிறகு காலையில் எல்லோரும் கையிலிருந்தே வாங்கினார்கள். மூன்றாம் வாரம் முப்பிடாதி சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள். ஆனால் ஒன்று: விளக்கு வைத்து ஊரார் மேலிருந்த புள்ளிகள் கரைந்ததும் அவளுடைய திட்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்போது அவள் ஒன்றும் பேசாமல் தட்டைக் கழுவி முகப்பில் வைப்பாள், சட்டைக் கையை இறக்கிவிடுவாள். பகலுக்கு ஒரு சட்டம், விளக்கு வைத்தபின் ஒரு சட்டம். நான் மறுபடியும் அந்தப் படத் தாள்களைத் தூக்கினேன்.

"பாதி நாளாவது கிடைச்சுதே, அதைக் கெடுத்துராத," என்றாள் அவள்.

கெடுக்கிற வேலைதான் என் கையில் இருந்தது. இரண்டு மாதம் கன்றின் பின்னாலேயே நடந்து அட்டவணையை நிரப்பினேன். காது மிளாவினுடையது, முகம் புள்ளிமானுடையது. வாலுக்கு மேல்புறம் கறுப்பு, அடிப்புறம் பளீரென்ற வெள்ளை. நாய் குரைத்தால் முதலில் முன்காலால் ஒரு தட்டு, பிறகு ஏதோ மறந்துபோன மாதிரி ஒரு துள்ளல், பிறகு மறுபடி தட்டு. குரல் டின்னில் தொடங்கி விசிலில் முடிந்தது. பதினெட்டில் ஒன்பது இந்தப் பக்கம், ஒன்பது அந்தப் பக்கம். போனில் பேராசிரியரிடம் சொன்னேன். சந்தோஷத்தில் பதினெட்டையும் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வியாழக்கிழமை ரேஞ்சரோடு வருவதாகச் சொன்னார்.

செய்தி என்னிடமிருந்து ஊருக்குப் போகவில்லை. வேட்டைத் தடுப்புக் காவலர் சொரிமுத்து வழியாகப் போனது. செவ்வாய் மாலை அவர் டீக்கடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாலேயே ஹெட்மாஸ்டர், இன்னும் பத்துப் பதினைந்து பேர்.

"வியாழக்கிழமை கூண்டு வண்டி வருதாம்," என்றார் சொரிமுத்து. "கலப்புன்னு உறுதி ஆச்சுன்னா புடிச்சுக் கொண்டுபோயி வனத்துறை மையத்துல அடைச்சுப் போடுவாவ. ரெண்டு சாதி மானும் சுத்தமா இருக்கணும்னு விதி. சந்தேகம் மட்டும்னா உறுதி ஆகுத வரைக்கும் யாரும் தொடக்கூடாது, மயக்க ஊசி போடக்கூடாது. அதுவும் விதிதான். ஆனா அவிய உறுதி பண்ணத்தானே வாறாவ."

"அதனால நீ புள்ளிமான்னு எழுதிரும்மா," என்றார் ஹெட்மாஸ்டர். "காலையில பாத்தா புள்ளிமான்தானே. பொய்யே இல்லையே."

"மத்தியானம் பாத்தா மிளா சார்."

"அப்போ மிளான்னு எழுது. எங்களுக்கு எதுன்னாலும் சரி."

நான் எழுத மாட்டேன் என்றேன். ஒன்பதும் ஒன்பதும் இருக்கிறபோது ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதினால், அந்த விதியை எழுதியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அவர்களும் பாதியை அழித்துத்தானே சுத்தம் என்கிறார்கள் என்றேன். அது சரியான வாதம், இப்போதும் சொல்கிறேன். பத்துப் பதினைந்து பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் பேசி முடித்தபோது யாரும் சரி என்று சொல்லவில்லை.

அவர்கள் போனபின் முப்பிடாதி பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்தாகிவிட்டது, தட்டு முகப்பில் இருந்தது.

"யக்கா, என்மேல கோவமா?"

"எனக்காவ ஒண்ணும் எழுதாத," என்றாள். "உங்கண்ணுல என்ன பட்டுதோ அதை எழுது. எங்கிட்ட ஒருத்தன் வந்தான், பொண்ணு பாக்க. எங்க சித்தி பவுடரை அப்பி உக்கார வச்சா. அவன் தண்ணி கேட்டான், கை நனைஞ்சுது, எழுந்து போயிட்டான். அவன் போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பவுடரோட உக்காந்திருந்தேன் பாரு ஒரு மணி நேரம், அதைத்தான் இன்னும் நினைச்சாக் கூசுது."

சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

வியாழக்கிழமை காலை ஜீப்பும் அதன் பின்னால் கூண்டு வண்டியும் வந்தன. பேராசிரியர் ஞானசிகாமணி நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும்; புழு பூச்சி எதையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடக்கிறவர். கன்று ரோட்டில் ஏறியது. புள்ளிகள் உதிர்ந்தன. பேராசிரியரின் வழுக்கைத் தலையில் ஐந்து விழுந்தன, ரேஞ்சரின் தொப்பியில் இரண்டு. பேராசிரியர் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, "முடி உதிர்வு: மிகை," என்று எழுதினார்.

"சார், இது முடி உதிர்வு இல்லை, புள்ளியே உதிருது."

"புள்ளிங்கிறது வெள்ளை முடிதானே சுடர். ஊட்டம் பத்தாம இருக்கும். கலப்பினம்னாலே இப்படித்தான், எதிலயும் முழுசா இருக்காது. இயற்கையில நிக்காது."

"அப்போ நானும் மையத்துக்குப் போகணுமா சார்?" என்றேன். "எங்கப்பா ஒரு பக்கம், எங்கம்மா ஒரு பக்கம். ஸ்கூல்ல சேர்க்கும்போது கிளார்க்கு ரெண்டு கட்டத்தையும் பாத்துட்டு, 'ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், நேரமாகுது'ன்னாராம் எங்கப்பாகிட்ட. நான் நிக்கலையா?"

ரேஞ்சர் இருமினார். பேராசிரியர் முகம் சிவந்து, "நான் மானைச் சொன்னேன்மா," என்றார் மெதுவாக.

நான் மூன்றாவது சின்னக் கட்டத்தில் டிக் போட்டேன். என் கண்ணில் பட்டது அதுதான். டீக்கடை முன்னால் நின்ற ஊர் மொத்தமும் நான் பேனாவை மூடுவதைப் பார்த்தது.

அடுத்தது மாதிரி எடுப்பது. ஐயத்துக்குரிய விலங்குக்கு ஊசி கிடையாது, ஆகவே தானாக உதிர்ந்ததை மட்டுமே பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். புழுக்கையோ இரண்டு கூட்டமும் மிதித்த தரையில் எது எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. பேராசிரியர் சின்ன இடுக்கியால் காற்றில் மிதந்த ஏழு புள்ளிகளைப் பிடித்துக் காகித உறையில் போட்டார்.

அப்போது நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொரிமுத்து என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். ஆனாலும் சொன்னேன், தெரிந்ததை மறைத்தால் அது பவுடர் அப்புகிற வேலை. "சார், இதெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரைஞ்சு போயிரும். உறையில ஒண்ணும் இருக்காது."

"முடி கரையாது சுடர். உதிரும், மக்கும், எரிச்சா நாறும். கரையாது."

"இன்னைக்கு ஏழு மணி வரைக்கும் இருந்து பாருங்க."

"ஆறு மணிக்கு செக்போஸ்ட்டை மூடிருவாங்க," என்றார் ரேஞ்சர். "அதுக்கப்புறம் எங்க வண்டியே ஆனாலும் விடமாட்டாங்க."

"அப்போ நாளைக்குக் காலையில உறையைப் பிரிச்சுப் பாருங்க சார்."

"சீல் வச்ச உறையைப் பிரிச்சா மாதிரி செல்லாது," என்றார் பேராசிரியர். "பதினெட்டு வரிசையை இவ்வளவு அழகா நிரப்பிட்டு இப்படிக் கதை சொல்றியே. குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு, அதுல வேணும்னா எழுதிக்கோ."

எழுதினேன்: மாதிரி அன்று மாலையே மறைந்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, அரக்கு வைத்தார். ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். வந்த வண்டி சும்மா போவானேன் என்று கூண்டு வண்டி டிரைவர் ஆறு பலாப்பழத்தை வாங்கிக் கூண்டுக்குள் உருட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

பதில் வர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் நின்று புள்ளிகள் கரைவதையே பார்த்தேன். தோலில் கரைகிறது, சுவரில் கரைகிறது, ஆட்டின்மேல் கரைகிறது. அரக்கு வைத்த உறைக்குள் கரையுமா? விளக்கு வைப்பதே தெரியாத இருட்டு அல்லவா அது?

"நீயும் ஒரு உறையில போட்டு ஒருநாள் வச்சுப் பாரேன்," என்றாள் முப்பிடாதி.

"பார்த்தா தெரிஞ்சிரும் யக்கா."

"தெரியத்தானே படிக்க?"

ஒரு சோதனையைச் செய்து பார்க்கப் பயந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஊர் என்னோடு பேசாமல் இல்லை. ஆனால் டீக்கடைக்கு நான் வந்தால் பேச்சு தக்காளி விலைக்கு மாறிவிடும். காலையில் கன்று வந்தால், இன்னும் எத்தனை நாளோ என்கிற மாதிரி எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார்கள். முப்பிடாதி மட்டும் கையை மடித்துவிட்டுக்கொண்டு எப்போதும்போல டீ ஆற்றினாள். ஆனால் அந்த மூன்று வாரத்தில் இரண்டு டம்ளர் உடைந்தது.

உறை போன இருபத்து நாலாம் நாள் சொரிமுத்து சைக்கிளில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். படித்துக்காட்டு என்று கூடச் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

'தாங்கள் அனுப்பிய உறை காலியாக இருந்தது. ஐயம் உறுதி செய்யப்படவில்லை. புதிய மாதிரியை அனுப்புக. அதுவரை விலங்கை இருக்கும் இடத்திலேயே விடுக.'

இரண்டாம் முறையும் சத்தமாகப் படித்தேன். ஹெட்மாஸ்டர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். சொரிமுத்து தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டார். என் நெஞ்சுக்குக் குறுக்கே மூன்று வாரமாக யாரோ போட்டிருந்த தாழ்ப்பாள் விலகி, காற்று உள்ளே அடிவயிறு வரை போயிற்று.

"எல்லாருக்கும் டீ," என்றாள் முப்பிடாதி. "சுடருக்கு இஞ்சி போட்டு."

மாலை பேராசிரியர் போன் செய்தார். ஒட்டு சரியில்லை, தபாலில் எங்கோ பிரிந்திருக்கும் என்றார். தன் தலையில் விழுந்த முடிகூட வழியில் காற்றில் போய்விட்டது என்றார். கரைந்துவிட்டது சார் என்று நான் மறுபடியும் சொன்னேன், அவர் மறுபடியும் நம்பவில்லை. இரண்டாவது மாதிரி போனது, காலி. மூன்றாவது, கண்ணாடிக் குப்பியில் போனது, காலி. ஒவ்வொரு தடவையும் குறிப்பில் உண்மையை எழுதுகிறேன், ஒவ்வொரு தடவையும் அவர் கையெழுத்துப் போடுகிறார், ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றுதான்: நிலுவை. நான் எவ்வளவு அழகாக, எவ்வளவு ஆதாரத்தோடு வாதாடியும் திரும்பத் திரும்பத் தோற்கிற ஒரே வாதம் இது. தோற்றுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிற மாதிரி அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

"இந்தத் தடவையும் தோத்தியா?" என்பாள் முப்பிடாதி.

"தோத்துட்டேன் யக்கா."

"நல்லாயிரு."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. வாய்க்கால் ரோட்டுக்கு மேலே ஓடியது, கன்று புல்வெளியைவிட்டு வரவில்லை. ஏழூத்தில் மூன்று நாளாக ஒரு புள்ளி உதிரவில்லை. ரேஷன் இயந்திரம் முதல் விரலையே ஒப்புக்கொண்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி, எல்லோரும் கொஞ்சம் அந்நியமாக இருந்தார்கள்.

முதல் நாள் காலை நான் கடைக்குப் போனபோது முப்பிடாதி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி, கழுத்துப் பித்தானைப் போட்டிருந்தாள். முகப்பில், பெஞ்சடியில், பாய்லருக்குப் பின்னால் என்று எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பஸ் வந்து நின்றது. சேர்மத்துரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து தாழ்வாரத்துக்குள் நின்றார். காதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையை நீட்டினார்.

"ஒரு நிமிசம் இரிங்கண்ணே," என்றாள் முப்பிடாதி. "தட்டை எங்க வச்சேன்னு தெரியல."

"தட்டு என்னத்துக்கு?" என்றார் சேர்மத்துரை. நீட்டிய கை அப்படியே இருந்தது. "டீயைக் குடும்மா, டிரைவர் ஹாரன் அடிக்காரு பாரு."

அவள் கொடுத்தாள். அவர் வாங்கினார். விரலோடு விரல் பட்டது. மழையில் இரண்டு பேர் விரலும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தது. ஊதி ஊதிக் குடித்தார். பின்னாலேயே ஹெட்மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார், கையை நீட்டினார், சீனியைப் பற்றிக் குறை சொன்னார். அடுத்து சொரிமுத்து. அடுத்து யாரோ பஸ்ஸிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர். முன்னால் நின்றவர்கள் செய்ததைப் பார்த்து அவரும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

முப்பிடாதி ஆறாவது டீக்கு வலது கையை மடித்துவிட்டாள். எட்டாவதுக்கு இடது கையை.

நான் கடைக்குப் பின்னால் போனேன். தகரத் தட்டு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. முந்தின இரவு கடை அடைக்கும்போது அவளே கழுவிக் கொண்டுபோய் வைத்து மறந்திருக்கவேண்டும். விளிம்பு வரை மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு சாம்பல் நிறக் கோழி அலகை முக்கி, தலையை அண்ணாந்து, ஒவ்வொரு மிடறாக அவசரமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. அது குடித்து முடிக்கும்வரை நனைந்துகொண்டே நின்றேன். தட்டை எடுக்கவில்லை.